பதினோராம் நம்பர் வீட்டுச் சத்தம்

எங்க லைன்ல மொத்தம் இருபத்திரண்டு வீடு, எல்லாம் ஒட்டுச் சுவரு, மில்லு ஓடுன காலத்துல தொழிலாளிக்குன்னு வரிசையாக் கட்டுனது, மில்லு மூடியும் நாங்க மூடாம இருக்கோம். அந்த இருபத்திரண்டு வீட்லயும் யாரு வீட்டு ரேடியோவும் அந்த வீட்டுக்காரங்க சொல் பேச்சுக் கேக்காது. நீங்க உங்க வீட்டுத் திருகைத் திருகுனா உங்க வீட்ல ஒண்ணும் நடக்காது, கிழக்குப் பக்கத்து வீட்லதான் சத்தம் கூடும், குறையும். ஒண்ணாம் நம்பர்ல திருகுனா ரெண்டாம் நம்பர்ல, ரெண்டாம் நம்பர்ல திருகுனா மூணாம் நம்பர்ல, இப்படியே போயிக் கடைசி இருபத்திரண்டாம் நம்பர்ல திருகுனா, அது எந்த வழியா அத்தனை வீட்டையும் தாண்டித் திரும்பி வருமோ, ஒண்ணாம் நம்பர்ல கேக்கும். ரேடியோவும் இப்படித்தான், டேப்பும் இப்படித்தான், டிவி ரிமோட்டும் இப்படித்தான். ஏன்னு கேக்காதீங்க. குழாய்ல தண்ணி மூணு நாளைக்கு ஒருக்கா ஏன் வருதுன்னு நாங்க என்னிக்காச்சும் கேட்டோமா? வர்ற அன்னிக்குக் குடத்த வரிசையில வச்சோம். அது மாதிரிதான் இதுவும்.

நான் வேலுத்தாயி. பதினோராம் நம்பர். எனக்கு மேக்கால பத்தாம் நம்பர்ல என் கூடப் பொறந்த அக்கா குருவம்மா இருக்கா, கிழக்கால பன்னெண்டாம் நம்பர்ல மில்லுல டைம்கீப்பரா இருந்த பரமானந்தம் அண்ணாச்சி இருக்காரு. அதாவது என் வீட்டுச் சத்தம் அக்கா கையில, அண்ணாச்சி வீட்டுச் சத்தம் என் கையில. இத மட்டும் மனசுல வச்சுக்கிட்டா போதும், மத்ததெல்லாம் தானா வெளங்கும்.

இதுக்குன்னு எங்க லைன்ல ஒரு மொறை உண்டு. சத்தம் பத்தலைன்னா மேக்குச் சுவத்துல ரெண்டு தட்டு, கூடிப்போச்சுன்னா ஒரு தட்டு, சுத்தமா வேண்டாம்னா உள்ளங்கையால ஓங்கி ஒரு அறை. பச்சப்புள்ள பொறந்த வீட்டுக்கும் பரீட்சைக்குப் படிக்கிற வீட்டுக்கும் தட்டாமலே குறைச்சிருவோம், சாவு விழுந்த துட்டி வீட்டுக்குப் பதினாறு நாளு திருகு பக்கமே போக மாட்டோம். புதுசாக் குடி வர்றவங்களக் கூட்டிட்டுப் போயி மேக்கு வீட்ல நிறுத்தி, இனிமே இவங்க சத்தம் உங்க பொறுப்புன்னு ஒப்படைப்போம். பொண்ணு கேட்டு வர்றவங்க மாப்ள வீட்ல பாத்ரூம் இருக்கான்னு கேக்குறதுக்கு முந்தி மேக்கு வீட்ல யாரு இருக்கான்னுதான் கேப்பாங்க. ஒருக்கா பதிமூணாம் நம்பருக்கும் பதினாலாம் நம்பருக்கும் சண்டை வந்து, பதிமூணாம் நம்பர்க்காரன் மூணு நாளு பதினாலாம் நம்பர்ல கல்யாண வீடு கணக்கா அலற விட்டுட்டான். அப்ப குழாயடியில எல்லாரும் கூடி ஒரு முடிவு பண்ணோம்: பேச்ச நிறுத்திக்கோ, கொடுக்கல் வாங்கல நிறுத்திக்கோ, ஆனா திருகுற கைய மட்டும் நிறுத்தக் கூடாது, வம்புக்கும் திருகக் கூடாது.

அந்த முடிவுனாலதான் எங்க அக்கா இன்னிக்கும் எனக்குத் திருகுறா. அவளும் நானும் பேசி ஒன்பது வருசம் ஆச்சு.

என்ன சண்டைன்னு கேப்பீங்க. அவ மகனுக்கு நிச்சயதார்த்தம். வெத்தல பாக்குத் தட்டத் தூக்கிக்கிட்டு ஊரு பூரா அழைச்சா, சாத்தூர் வரைக்கும் போயி அழைச்சா, அண்ணாச்சி வீட்டுக்கு ஏறி அழைச்சா, அண்ணாச்சி வீட்டுக்குப் போகணும்னா என் வாசல மிதிக்காமப் போக முடியாது, மிதிச்சுத்தான் போனா, எனக்கு ஒரு வெத்தல வைக்கல. நான் போகல. போவேனா? அவ என்ன சொன்னாளாம் தெரியுமா, “கூடப் பொறந்தவளுக்கு எதுக்கு வெத்தல பாக்கு, அவ எனக்கு முன்னாடி வந்து நிக்க வேண்டியவ இல்ல?”ன்னாளாம். அதுல இருந்து அவ வீட்டுக்கு நான் போறதில்ல, என் வீட்டுக்கு அவ வர்றதில்ல, சுவத்துல ஒரு தட்டு கூட நான் தட்டுனதில்ல. தட்டுனா கேட்ட மாதிரி ஆயிருமே! அவ குடுக்குறதுதான் எனக்குச் சத்தம். காலைல ஆறு மணிச் செய்திக்குத் திருகுல ஏழு வைப்பா, சமைக்கிற நேரம் அஞ்சு, சாயங்காலம் ஆறு. எனக்கு அது போதுமா போதாதான்னு நான் யோசிச்சதே இல்ல.

ஆனா ஒண்ணு மட்டும் எனக்குத் தாங்கல. தெனமும் பகல் மூணு மணிக்கு, நேயர் விருப்பத்துல நல்ல பாட்டா எடுத்துப் போடுவான் பாருங்க, சரியா அந்த நேரம் ஏழுல இருக்குற சத்தம் சரசரன்னு இறங்கி ஒண்ணுக்கு வந்துரும். ரெண்டு நிமிசம் அப்படியே கெடக்கும். எனக்கு ஆத்திரம் வரும், ஆத்திரம் வந்தா இருமல் வரும், முப்பது வருசம் பஞ்சுத் தூசி தின்ன நெஞ்சு இல்லையா, இருமிக்கிட்டே அவளத் திட்டுவேன், “நாசமாப் போறவளே, ஒரு பாட்டு முழுசாக் கேக்க விட மாட்டியா”ன்னு. திட்டி முடிக்கிறதுக்குள்ள சத்தம் பழையபடி ஏழுக்கு ஏறிரும். என் வாய்க்குப் பயந்துதான் கூட்டுறான்னு நெனச்சுக்கிட்டேன். இது ஆறு வருசமா நடக்குது. அந்த ஆறு வருசத்துக்கு முந்திதான், ஒரு மாசி மாசம், மத்தியானம் மூச்சுத் திணறி அடுப்படியில விழுந்து கெடந்தேன். என் வீட்டுக்காரர் போயிட்டாரு, மக திருப்பூர்ல. ரேடியோ பாடிக்கிட்டு இருக்கு, நான் முனங்குறது யாருக்குக் கேக்கும்? அண்ணாச்சி கிரிக்கெட்டுக்கு ரெண்டு தட்டு தட்டியிருக்காரு, சத்தம் கூடல, மறுபடி தட்டியிருக்காரு, கூடல, வேலுத்தாயி திருகாம இருக்க மாட்டாளேன்னு எந்திரிச்சு வந்து பாத்தாரு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாரு, அதனால பொழச்சேன். அக்கா ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுட்டுப் போனாள்னு யாரோ சொன்னாங்க. நான் நம்பல. நான் திரும்பி வந்த மூணாம் நாளே இந்த மூணு மணி வேலைய ஆரம்பிச்சுட்டா. நான் பொழச்சு வந்தது அவளுக்குப் பிடிக்கலன்னு முடிவு பண்ணிக்கிட்டேன்.

இப்படி இருக்கையிலதான் போன ஆவணியில சென்னையில இருந்து சுவர்ணான்னு ஒரு பொண்ணு வந்துச்சு. ஏதோ பாட்டுப் பொட்டி செய்யிற கம்பெனியாம், சனங்க வீட்ல சத்தத்த எப்படிக் கூட்டுறாங்க எப்படிக் குறைக்கிறாங்கன்னு கேட்டு எழுதுறதுதான் அதுக்கு வேலையாம். ஆத்தாடி, இப்படியும் ஒரு வேலையா? எனக்குத் தெரிஞ்சிருந்தா மில்லுக்கே போயிருக்க மாட்டேன். கழுத்துல அட்டை, தோள்ல பை, கையில சிலேட்டு மாதிரி ஒண்ணு.

“ஆன்ட்டி, உங்க வீட்ல சத்தத்த யாரு கன்ட்ரோல் பண்றீங்க?”

“ஆன்ட்டி கீன்ட்டின்னா ஒண்ணும் சொல்ல மாட்டேன். அக்கான்னு கூப்பிடு.”

“சரிக்கா. யாரு பண்றீங்க?”

“குருவம்மா.”

“அவங்க உங்க பொண்ணா?”

“எங்க அக்கா. பத்தாம் நம்பர்.”

“அவங்க இங்க வந்து பண்ணுவாங்களா?”

“அவ எதுக்கு இங்க வர்றா? அவ வீட்ல இருந்து திருகுவா.”

அந்தப் புள்ள எழுதுச்சு, அழிச்சுச்சு, மறுபடி எழுதுச்சு. “அப்ப இந்த ரேடியோவுல இருக்குற திருகு எதுக்குக்கா?”

“அது அண்ணாச்சிக்கு.”

திருகிக் காட்டுனேன். எங்க வீட்ல ஒண்ணும் நடக்கல, சுவத்துக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி வீட்ல மத்தளம் முழங்குச்சு, உடனே ஒரு தட்டு விழுந்துச்சு, குறைச்சேன். அந்தப் பொண்ணு ஓடிப்போயிப் பன்னெண்டாம் நம்பர்ல பாத்துட்டு வந்துச்சு, என்னையத் திருகச் சொல்லிட்டு மறுபடி ஓடுச்சு, அப்புறம் பதிமூணு, பதினாலு, அப்படியே லைன் பூரா. பொழுது சாயுறப்ப தெரு நடுவுல ஒரு பிளாஸ்டிக் சேரப் போட்டு உக்காந்து காகிதத்துல இருபத்திரண்டு கட்டம் போட்டு அம்பு அம்பா வரைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. காப்பி குடுத்தேன். குடிக்க மறந்து கையிலயே வச்சிருந்துச்சு.

“அக்கா, எங்க ஃபாரத்துல மொதக் கேள்வியே ‘இந்தப் பொட்டியப் பயன்படுத்துறவர் யாரு’ங்கிறதுதான். உங்க வீட்டுக்கு நான் யாரு பேர எழுதுறது? திருகுறவங்க பேரா, கேக்குறவங்க பேரா?”

அதுவரைக்கும் எனக்கு அதுல குழப்பமே இருந்ததில்ல, அது கேட்ட பொறகு எனக்கும் தலை கிறுகிறுன்னுச்சு. யாரு ரேடியோ இது? நான் வாங்குனது, அவ திருகுறது.

மறுநாள் வீட்டுக்கு ஒரு தாளு குடுத்துச்சு, பச்சைப் பொட்டும் செவப்புப் பொட்டும் ஒட்டுற காகிதம் குடுத்துச்சு. சத்தம் கூடுனா பச்சை, குறைஞ்சா செவப்பு, எத்தனை மணி, என்ன காரணம்னு பக்கத்துல எழுதணும். லைன் பூரா இதே வேலையாப் போச்சு. உலை பொங்குறது தெரியாமப் பொட்டு ஒட்டிக்கிட்டு இருந்தாளுக. திருகுறவ ஒட்டணுமா கேக்குறவ ஒட்டணுமான்னு தகராறு வந்து, ஒருத்தி திருகுனத ரெண்டு வீட்லயும் ஒட்டி, மூணாம் நாளு அந்தப் பொண்ணு கூட்டிப் பாத்தா லைன்ல கூடுன சத்தமும் குறைஞ்ச சத்தமும் எதோட எதுவும் ஒத்து வரல. பாவம், அதுவும் எங்கள மாதிரி ஆயிருச்சு. டவுனு லாட்ஜுல பக்கத்து ரூம்காரன் டிவிய அலற விட்டானாம், இது சுவத்துல ஒரு தட்டு தட்டியிருக்கு. அவன் வெளிய வந்து சண்டை பிடிச்சானாம். “எனக்கு எந்த ஊரு மொறைல நடக்குறதுன்னே தெரியலக்கா”ன்னு சொல்லிச் சிரிச்சுச்சு. கண்ணு கலங்கியிருந்துச்சு.

என் தாளக் கையில எடுத்துப் பாத்துச்சு. மூணு நாளும் மூணு மணிக்குச் செவப்புப் பொட்டு, காரணம்ங்கிற எடத்துல “தெரியல”, “தெரியல”, “திமிரு”ன்னு எழுதியிருந்தேன்.

“ஆறு வருசமா நடக்குது புள்ள. நீ பத்தாம் நம்பர்ல கேட்டியா?”

“கேட்டேன்க்கா.”

“என்ன சொன்னா?”

பையத் தன் பக்கமா இழுத்துக்கிச்சு. “ஒருத்தங்க சொன்னத இன்னொருத்தங்ககிட்ட சொல்லக் கூடாதுக்கா. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்.”

எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்க! ஆறு வருசமா என் நெஞ்சுல கெடக்குற கேள்விக்குப் பதிலு அந்தப் பையில ஒரு தாள்ல இருக்கு, என் வீட்டுச் சேர்ல உக்காந்து என் காப்பியக் குடிச்சுக்கிட்டு சொல்ல மாட்டேங்குது. பணியாரம் சுட்டுக் குடுத்தேன், தின்னுச்சு, சொல்லல. கருவாட்டுக் கொழம்பு வச்சுக் குடுத்தேன், ரெண்டு தடவ சோறு வாங்கித் தின்னுச்சு, சொல்லல. மெரட்டிப் பாத்தேன். கடைசியில ஒண்ணே ஒண்ணு சொல்லுச்சு: “நாங்க ஒரு இருபது காரணம் அச்சடிச்சுக் கொண்டு வந்தோம்க்கா, தூக்கம், போன் வந்துச்சு, தலைவலி, விளம்பரம்னு. அவங்க சொன்னது அதுல எதுலயும் சேரல. ‘மற்றவை’ல எழுதியிருக்கேன்.” அவ்வளவுதான். மற்றவையாம்! அதக் கேட்டதுல இருந்து எனக்குக் கோவமா பயமான்னே தெரியல.

போற அன்னிக்கு வீட்டுக்கு ஒரு புதுப் பொட்டி குடுத்துட்டுப் போச்சு, தேங்காய் அளவு இருக்கும், கறுப்பு. திருகு கெடையாது, பொத்தான் கெடையாது. வாயால சொல்லணும். பாடுன்னா பாடும், கூட்டுன்னா கூடும். திருகு இல்லாததுனாலயோ என்னவோ, எங்க லைன் மொறைக்கு அது அடங்கல, யாரு வீட்ல இருக்கோ அவங்க சொல்றதத்தான் கேட்டுச்சு.

நாங்க சந்தோசப்பட்டிருப்போம்னு நெனப்பீங்க. லைன் பூராக் கலங்கிப் போச்சு. ஒவ்வொருத்தரும் பொட்டி முன்னாடி நின்னு கூட்டுங்குறாங்க, குறைங்குறாங்க, மறுபடி கூட்டுங்குறாங்க, எங்க நிறுத்துறதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. எத்தனையோ வருசமா அடுத்த வீட்டுக்காரங்க அளந்து ஊத்துனதக் குடிச்சவங்களுக்குத் தன் தாகம் எவ்வளவுன்னு எப்படித் தெரியும்? பரமானந்தம் அண்ணாச்சி சுவத்துல ரெண்டு தட்டு தட்டி, அப்புறம் ஒரு தட்டு தட்டி, கடைசியில ஜன்னல் வழியாவே கேட்டுட்டாரு:

“ஏ வேலுத்தாயி, எனக்கு இது போதுமா பாரு?”

“எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?”

“ஒனக்குத்தான தெரியும்!”

ஆனா நான் விடல. எனக்கு மூணு மணிப் பாட்டு முழுசா வேணும். பழைய ரேடியோவத் துணியப் போட்டு மூடுனேன், புதுப் பொட்டிய சாமி அலமாரிக்குக் கீழ வச்சேன், மூணு மணியாச்சு, கூட்டுன்னேன். பாட்டு முழுசாக் கேட்டேன். ஆறு வருசத்துல மொதத் தடவையா மூணு மணிப் பாட்ட நடுவுல அறுந்து போகாமக் கேட்டேன். மறுநாளும் கேட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா என்னமோ கொறஞ்ச மாதிரியே இருந்துச்சு, திட்ட ஆளில்லாம வாயி சும்மா கெடந்துச்சு. மூணாம் நாளு வீம்புக்கு இன்னும் கூட்டு, இன்னும் கூட்டுன்னேன். அலமாரில சொம்பு அதிர்ந்துச்சு. பாயில காலை நீட்டிப் படுத்துக் கண்ண மூடிக்கிட்டேன்.

கதவு இடிஞ்சு விழுற மாதிரித் தட்டுனாங்க. தொறந்தா அக்கா. இட்லி மாவு கை, முழங்கை வரைக்கும் மாவு, கதவு பூரா வெள்ளையா அஞ்சு வெரல் அஞ்சு வெரலாத் தடம், தலைமுடி அவுந்து தொங்குது. ஒன்பது வருசத்துல இவ்வளவு நரைச்சிருச்சான்னு பாத்தேன். என்னைய மேலயும் கீழயும் பாத்தா. அப்புறம் கத்துனா.

“அந்தச் சனியன நிறுத்துடி!”

நிறுத்துன்னேன். நின்னுச்சு.

“ஒனக்கென்ன வந்துச்சு? என் வீடு, என் பொட்டி.”

“மூணு நாளா மூணு மணிக்குத் திருகுறேன், திருகு கையோட வந்துரும் போல, கொறையவே மாட்டேங்குது. ஒன் இருமல் கேக்கலடி! ஒன் வசவு கேக்கல! அன்னிக்கு விழுந்து கெடந்தியே, சுவத்துக்கு இந்தப் பக்கம் நான் மாவாட்டிக்கிட்டு ஒன் ரேடியோவக் கேட்டுக்கிட்டு இருந்தேன்டி, அவ நல்லாப் பாட்டுக் கேக்குறான்னு நெனச்சுக்கிட்டு. நீ இருக்கியா செத்தியான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது? வாயத் தொறந்து கேக்கவா முடியும் ஒன்கிட்ட?”

ஆறு வருசமா நான் திட்டுனதெல்லாம் வரிசையா ஞாபகத்துக்கு வந்துச்சு, அத்தனையையும் காத வச்சுக் கேட்டிருக்கா, கேட்டுட்டு, சரி, உசுரோட இருக்கான்னு சத்தத்தக் கூட்டியிருக்கா. அழுகை வந்துச்சு. அவ முன்னாடி அழ மாட்டேன்னு கதவு நிலையப் பிடிச்சுக்கிட்டேன். அவளும் வாசப்படிக்கு வெளியவே நின்னா, மாவு சொட்டிக்கிட்டு, உள்ள வரல.

“என்ன அங்கயே நிக்கிற?”

“நீ கூப்பிடலையே.”

“கூடப் பொறந்தவளுக்கு வெத்தல பாக்கு வைக்கணுமாக்கும்?”

சொல்லி முடிச்ச பொறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டுச்சு. அவளுக்கும் கேட்டிருச்சு. சிரிச்சாளா, மூக்க உறிஞ்சினாளான்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியல. மாவு காயுதுன்னு சொல்லிட்டுத் திரும்பிப் போயிட்டா.

புதுப் பொட்டியப் பரண்ல போட்டாச்சு. லைன்ல எல்லாரும் அப்படித்தான் போட்டாங்க, அண்ணாச்சி ரெண்டு தட்டு தட்டுறாரு, நான் கூட்டுறேன், மனுசன் நிம்மதியா இருக்காரு. சுவர்ணா ஒரு வாரம் கழிச்சுப் போன் பண்ணுச்சு, மொதக் கேள்விக்கு இன்னும் பதிலு எழுதலையாம், ஆபீஸ்ல சத்தம் போடுறாங்களாம். ரெண்டு பேரையும் எழுதுன்னேன். ஒரு பேருக்குத்தான் எடம் இருக்காம்.

அக்காவும் நானும் இப்பவும் பேசிக்கிறதில்ல, ஒரு நாள்ல சரியாப் போறதா அது? கதவுல மாவுத் தடம் இருக்கு, நான் கழுவல. அவ வந்துட்டுப் போன மறுநாள், பழைய ரேடியோவத் தொடைச்சு எடுத்து வச்சுக்கிட்டு மூணு மணிக்குக் காத்திருந்தேன். பாட்டு நல்ல எடத்துல இருக்கையில சத்தம் சரசரன்னு இறங்கி ஒண்ணுக்கு வந்துச்சு. சுவத்துக்கிட்டப் போயி உக்காந்தேன். திட்டலாம்னு வாயத் தொறந்தேன், வசவு ஒண்ணும் வரல. வேற என்ன சொல்றதுன்னும் தெரியல. ரெண்டு நிமிசம் ஆச்சு, சத்தம் ஏறல. மூணு நிமிசம் ஆச்சு. சுவத்துக்கு அந்தப் பக்கம் ஆட்டுக்கல்லு நின்னுருச்சு. அய்யோ, பயந்துருவாளேன்னு, வராத இருமல வரவழைச்சு ரெண்டு தடவ இருமுனேன்.

சத்தம் ஏழுக்கு ஏறுச்சு.